எடைக்கு எடை உப்பு

என் மகள் பகவதி அமெரிக்காவிலுள்ள நூற்று நாற்பத்து மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியது ஒரு புதன்கிழமை. அதற்கு அடுத்து வந்தது மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் வழக்கம்போல அவளை மூட்டை எடைபோடும் மேடையில் ஏற்றி நிறுத்தியபோது, ஆவணியில் ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம் இருந்தவள் நாற்பத்தெட்டு இருநூறு காட்டினாள். கன்னம் வற்றவில்லை, இடுப்பு குறையவில்லை, வளையல் அதே இறுக்கத்தில்தான் இருந்தது. நாலு கிலோ இருநூறு கிராம் மட்டும் இல்லை.

எடை விஷயத்தில் நான் அவசரப்பட்டு எதையும் சொல்கிறவன் அல்ல. கணவாய்க்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே, பாறைவிளை என்கிற எங்கள் ஊரை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையில், மூட்டைகளுக்கான சின்ன மேடையோடு லாரி எடைமேடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடி அறைக்குள் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை, நாலு பேர் கூடிய இடத்தில் பேச வராது, ஆனால் நான் எழுதிக் கொடுத்த சீட்டை இதுவரை எந்த லாரிக்காரனும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. சரக்கோடு ஒரு தடவை நிறுத்த வேண்டும், சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஒரு தடவை நிறுத்த வேண்டும், கழித்தால் வருவது சரக்கு. இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது இந்த ஒரு கழித்தல்தான்.

எனவே மேடையைத் துடைத்து, என்னை நிறுத்தி, எடை தெரிந்த ஒரு சாக்கை நிறுத்தி, மறுபடி அவளை நிறுத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு இருநூறு.

“மெஷின் கோளாறா இருக்கும்பா” என்றாள் பகவதி.

“இல்லை மக்ளே. மெஷின் சுத்தம்.”

அவள் டாக்டர். இங்கே படித்து முடித்து ஐந்து வருடமாக எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே படித்தவர்கள் அங்கே டாக்டராக வேண்டுமென்றால் முதலில் அவர்களுடைய பரீட்சைகளில் தேற வேண்டும், பிறகு அங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருடம் பயிற்சி டாக்டராக இருக்க இடம் கிடைக்க வேண்டும். இடத்தைக் கொடுப்பது ஒரு கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரிகள் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, இவர்கள் தங்களுக்கு வேண்டிய ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க, பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அது ஜோடி சேர்த்து முடித்துவிடும். இரண்டு வருடமாக அது பகவதியை யாரோடும் சேர்க்கவில்லை. இது மூன்றாவது தடவை. படித்து முடித்த வருடம் பின்னால் போகப் போக மதிப்புக் குறையும் என்பதால் இதுதான் கடைசித் தடவை என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

ஐப்பசியில் நாற்பது அறுநூறு. கார்த்திகையில் முப்பத்தொன்று. வேண்டாம் என்று சொல்லும் கடிதங்கள் அவள் போனுக்குள் ஒன்று, மூன்று, ஏழு என்று வந்துகொண்டிருந்தன, எடை இறங்கிக்கொண்டிருந்தது, ஊர் அதை வெயில் ஏறுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தவர்கள் நோயாளிகள். டாக்டரம்மா கை பட்டால் பட்டது தெரியவில்லை, ஊசி இறங்கியதே தெரியவில்லை, குழந்தைகள் அழ மறந்து முழிக்கின்றன என்று பேச்சுப் பரவி, ஒரு நாளைக்கு நாற்பது டோக்கன் போன இடத்தில் நூற்றுப் பத்து போனது; பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் பேருந்தை விட்டு இறங்கும்போது காற்று அவளை இரண்டு முழம் தள்ளிக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் சாய்த்தது. அதைப் பார்த்த கண்டக்டர் அந்தோணி மறுநாளிலிருந்து அவளை ஜன்னலோரத்தில் உட்கார விடவில்லை. “டாக்டரே, நடுவுல இரிங்க. கம்பியப் பிடிச்சுக்கிடுங்க. உங்கள வெளிய விட்டுட்டு நான் ஊருக்குள்ள போக முடியாது பாத்துக்கிடுங்க.”

அரிசிக்கடை சாகுல் அமீது தராசில் போடும் இரண்டு இரும்புப் படிக்கல் கொண்டுவந்து வைத்தார். “அஞ்சு கிலோ ரெண்டு, அண்ணாச்சி. போன மாசம் முத்திரை குத்தினது. ஒரு கிராம் கூடக் குறையாது, உங்களுக்குத் தெரியாததா.” தையற்காரி எஸ்தர், கடற்கரையிலிருக்கும் தன் அண்ணனிடம் சொல்லி, வலைக்குக் கோர்க்கிற ஈயக்குண்டு நாற்பது வாங்கி வந்து, பகவதியின் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்தாள். குண்டு ஒன்று இருபத்தைந்து கிராம். ஆக ஒரு கிலோ. “நல்லதுதான் அக்கா” என்று எஸ்தர் என் மனைவி சொர்ணத்திடம் சொன்னாள், “மாப்பிள்ளை தாலி கட்டி அப்படியே ஒத்தக் கையில தூக்கிட்டுப் போயிரலாம்.” சொர்ணம் சிரித்தாள். நான் கல், குண்டு, செருப்பு, ஸ்டெதஸ்கோப், கைப்பை எல்லாவற்றையும் கூட்டி, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காற்றாலைகளின் இறக்கைகள் மார்கழியில் மெதுவாகத்தான் சுற்றும். ஆனியில் எப்படிச் சுற்றும் என்று எனக்குத் தெரியும். ஆனிக்காற்றில் லாரித் தார்ப்பாய் கிழிந்து பறந்து மின்கம்பியில் தொங்குவதை நான் முப்பத்தொரு தடவை பார்த்திருக்கிறேன்.

நூற்று நாற்பத்து மூன்றில் ஆறு ஆஸ்பத்திரிகள் அவளைப் பார்த்துப் பேசக் கூப்பிட்டன. சாயந்திரம் ஆறரை மணிக்கு அங்கே விடிந்திருக்கும். அவள் கோட்டு மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவாள். பேச்சு மும்முரத்தில் சற்று அசைந்தாலும் எம்பிப் படத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாதே என்று, சொர்ணம் அவளை இடுப்போடு சேர்த்து என் எட்டு முழ வேட்டியால் நாற்காலியில் கட்டுவாள். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். அந்தப் பேச்சில் எனக்குப் புரிவது யெஸ், நோ இரண்டும்தான். அவற்றை எண்ணுவேன். ஆறாவது பேச்சு முடிந்தபோது யெஸ் இருபத்தேழு, நோ மூன்று.

“நல்லாத்தானே போச்சு?” என்றேன்.

“அஞ்சு வருசம் என்ன செஞ்சேன்னு கேக்காங்க.”

“நீ என்ன சொன்ன?”

“நோயாளிகளைப் பாத்தேன்னு சொன்னேன்.”

“அது போதாதா?”

பகவதி வேட்டியின் முடிச்சை அவிழ்த்தபடி, “அங்க பாத்தாத்தான்ப்பா பாத்த கணக்கு” என்றாள். முடிச்சு அவிழ்ந்ததும் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை எம்பி, மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். அவளுக்கு அது பழகிவிட்டிருந்தது. “இல்லைன்னு வந்துதுன்னா, இனி எனக்கு எடை எங்கேர்ந்துப்பா வரும்?”

மறுநாள் வீட்டிலிருந்த மூன்று மின்விசிறிகளையும் கழற்றிப் பரணில் போட்டேன்.

தையில் ஒன்பது கிலோ. மாசி முதல் ஞாயிறு ஒரு கிலோ இருநூறு. அதிலிருந்து வாராவாரம் நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு மெஷினின் சிவப்பு எழுத்து சுழியத்தில் நின்றது. அதற்கடுத்த ஞாயிறு அவளால் மேடையில் நிற்கவே முடியாததால் லாரிக் கணக்கைப் போட்டேன்: நான் மட்டும் நின்றால் அறுபத்தொன்று நானூறு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தொன்பது நூறு.

முப்பத்தோரு வருடத்தில் வெறும் வண்டியைவிடச் சரக்கு வண்டி எடை குறைந்து நான் பார்த்ததில்லை. பகவதி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரிகிற பக்கம் என் பக்கம். “எவ்வளவுப்பா?” என்றாள். “போன வாரம் மாதிரிதான்” என்றேன்; அது எடை இல்லை, பேச்சு, ஆகவே அதைப் பொய்க் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அடுத்த வாரம் ஐம்பத்தைந்து எண்ணூறு.

அன்றைக்குத்தான் முத்தாரம்மன் கோயிலில் பூசை செய்யும் போற்றி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் கோயிலில் துலாபாரம் உண்டு. மண்டபத்தில் சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு; ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் எடைக்கு எடை பழமோ கருப்பட்டியோ. நேர்ந்துகொள்கிறவர்கள் போற்றியின் காதில் சொல்ல வேண்டும், அவர் தராசுக் கம்பில் ஒரு மஞ்சள் துணி முடிந்துவிடுவார், யார் நேர்ந்தது என்பது வெளியே போகாது. போற்றி கம்பைக் காட்டினார். அதை மஞ்சள் முடிச்சுகள் முழுதாய் மூடியிருந்தன.

“முப்பத்தொண்ணு” என்றார். “எல்லாம் உம்ம பிள்ளை எடைக்கு நேர்ந்தது. இடம் கிடைக்கணும்னு பதினாலு பேரு. கிடைக்கப்படாதுன்னு பதினேழு பேரு.”

“கிடைக்கக் கூடாதுன்னா?”

“ஊசி வலிக்காம போடுத டாக்டரை யாருவே விடுவா? ஆனா ஒண்ணு. சின்னப் பிள்ளைய எடையைத்தான் அடுத்தவன் நேரலாம். வளர்ந்த ஆளுக்காக நேர்ந்தா, நேருதவன் தன் எடையைத்தான் நேரணும். இவனுவ எல்லாம் கேக்காம அவ எடையை அள்ளிக் குடுத்திருக்கானுவ. நானும் முடிஞ்சுக்கிட்டே இருந்துட்டேன். அதுனாலதானான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது.”

“நேர்ந்ததைத் திருப்பி எடுக்க முடியாதா போற்றி?”

“திருப்பி எடுக்கதெல்லாம் கிடையாது. கேட்டது நடக்கதுக்கு முந்தியே குடுத்துத் தீத்துரலாம். அப்பம் அம்மைக்குக் கடன் இல்லை, அவளும் நீரு சொன்னதைச் செய்யணும்னு இல்லை.” அவர் என்னையே பார்த்தார். “அந்தப் பதினேழுல ஒருத்தர்ட்டயாவது சொல்லிப் பாக்கலாமேன்னுதான் கூப்பிட்டேன்.”

பதினேழில் ஒருவன் நான். ஆவணி இரண்டாம் ஞாயிறு, சொர்ணம் கருப்பட்டி நேர்ந்துவிட்டு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் போற்றியின் காதில் சொன்னேன்: இந்தத் தடவையும் கிடைக்காமல் போகட்டும், எடைக்கு எடை உப்பு போடுகிறேன். ஒரே பிள்ளை. அந்தக் கம்பியில் கிழிந்து தொங்கும் தார்ப்பாய் மாதிரித் தெரியாத ஊரில் அவள் தொங்குவாளோ என்கிற பயம் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை. இப்போது அம்மை என் பேச்சைக் கேட்டுவிட்டால், திங்கட்கிழமை இல்லை என்று வரும்; இங்கேயும் எடை இல்லாமல் அங்கேயும் இடம் இல்லாமல் என் பிள்ளையை ஆனிக்காற்று எடுத்துக்கொண்டு போகும்.

பங்குனி முதல் ஞாயிறு, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் காலையில், உப்பை நிறுத்தேன். நேர்ந்த நாளில் இருந்த எடை: சாக்கைக் கழித்து ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் சொர்ணமும் எஸ்தரும் ஆளுக்கொரு கையாகப் பகவதியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

“அம்மா நேர்ந்தது கருப்பட்டில்லாப்பா?” என்றாள் பகவதி, மண்டபத்தில். “இது என்ன உப்பு?”

“இது என் நேர்ச்சை மக்ளே.”

“என்ன நேர்ந்தீங்க?”

நான் கம்பிலிருந்த முடிச்சுகளை எண்ணினேன். இருபதுவரை எண்ணியும் அவள் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு.”

சொர்ணம், “பாவி மனுசா” என்றாள். பகவதியைப் பிடித்திருந்த பிடியை இறுக்கினாள்.

“எப்பம் நேர்ந்தீங்க?” என்றாள் பகவதி.

“ஆவணியில. ரெண்டாம் ஞாயிறு.”

“எனக்கு எடை போறதுக்கு முந்தியே?”

“முந்தியே. பயந்துட்டேன் மக்ளே.”

“இப்பம் எதுக்குக் கொண்டுவந்தீங்க?”

“இப்பம் அதைவிடப் பயமா இருக்கு.”

அவள் ஒரு விரலால் உப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “எவ்வளவு?” என்று கேட்டாள், சொன்னேன். “நானூறு கிராமையும் விடலியா?” என்று சொன்னபோது அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை, இரண்டுக்கும் அவளுக்கு மூக்கு ஒரே மாதிரித்தான் சிவக்கும்.

தட்டில் அவளை உட்கார வைத்தபோது, மறு தட்டில் உப்பு விழும் முன்பே அவள் தட்டு மேலே போய்ச் சங்கிலியை நெகிழ வைத்தது. போற்றி தலையை ஆட்டினார். “இப்படி நடக்காது. நேர்ந்தவரு நீரும் ஏறும்.” நான் செருப்பில்லாமல், பையில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஐந்து வயதில் உட்கார வைத்த மாதிரி அவளை மடியில் வைத்து இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். உப்பைக் கொட்டினார்கள். கடைசிப் பிடி விழுந்ததும் தராசு ஒரு தடவை ஆடி நின்றது. நாக்கு நட்ட நடுவில்.

அறுபத்தொன்று நானூறில் ஐம்பத்திரண்டு நானூறு போக ஒன்பது. அன்றைக்கு அவள் என்னை மேலே இழுத்துக்கொண்டிருந்த எடை ஒன்பது கிலோ, கிராம் இல்லாமல். போற்றி கம்பிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை சாயந்திரம் ஏழரை மணிக்கு முடிவு. வீட்டில் பகவதியைப் பிடிக்க என்னையும் சேர்த்து ஐந்து பேர்: சொர்ணம், எஸ்தர், சாகுல் அமீது, பேருந்தைத் திருப்பத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்திருந்த அந்தோணி. நாலு பேரும் பகவதியின் இரண்டு கையையும் இரண்டு தோளையும் பிடித்திருந்தார்கள். நான் கீழே உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்தை எண்ணத்தான் தெரியும். போன இரண்டு வருடமும் அந்தக் கடிதத்தின் முதல் வார்த்தைக்கு இரண்டே எழுத்து. இந்தத் தடவை கீழிருந்து எட்டிப் பார்த்தேன். முதல் வார்த்தைக்குப் பதினைந்து எழுத்து. இல்லை என்பதை இவ்வளவு நீளமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களே என்று நினைத்துக் கணுக்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“கிடைச்சிருச்சு” என்றாள் பகவதி.

நாலு பேரும் கை தட்டினார்கள். கை தட்டுவதற்குக் கையை விட வேண்டும் என்பது நாலு பேருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. பகவதி விருட்டென்று எழும்பி, காரை உதிர உச்சந்தலை கூரையில் இடித்து நின்றாள், கையில் லேப்டாப்போடு. இழுத்த இழுப்பில் எழுந்து நின்றுவிட்ட என் பிடியில் ஒரு கணுக்கால் இருந்தது; நான் மட்டும் கை தட்டவில்லை. அந்தோணி நாற்காலி மேல் ஏறி அவளை இறக்கியபோது, “நல்லவேளை ஃபேனைக் கழட்டினேரு” என்று சாகுல் அமீது சொன்னார், வேர்த்துப்போய்.

அதற்குப் பிறகு அவள் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் கழித்துப் பார்த்தேன், மேல்நோக்கி ஒன்பது, அப்படியே. எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். விசா வந்தது வைகாசியில். ஆனி பிறந்து நாலாம் நாள் விமானம்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரை நாங்கள் பிடித்துக்கொண்டு போகலாம். அதற்கு அப்பால் அவள் மட்டும்தான். இரும்பையும் ஈயத்தையும் உள்ளே விடமாட்டார்கள். நான் மூன்று நாள் போட்ட கணக்கு இது: பெட்டி இரண்டும் நாற்பத்தாறு கிலோ, தள்ளுவண்டியைப் பிடித்திருக்கும் வரை பயமில்லை. பெட்டிகளைப் போட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது ஏழு கிலோ பை. இரண்டு கிலோ குறைகிறது. அதற்காக அவளுடைய தடித்த மருத்துவப் புத்தகத்தை இரண்டு கிலோ நூறு கிராம் என்று நிறுத்துப் பார்த்து, கோட்டுக்குள் எஸ்தரை ஒரு பை தைக்கச் சொல்லி அதில் வைத்தோம். நூறு கிராம்தான் அவளைத் தரையில் வைத்திருந்தது. நூறு கிராம் என்பது ஒரு வாழைப்பழம். கண்ணாடியில் நெற்றியை வைத்து, அவள் பெட்டிகளை விட்டுவிட்டுத் திரும்பி நடந்ததைப் பார்த்தேன். பாதம் வைத்த இடமெல்லாம் ஒட்டியும் ஒட்டாமலும், இருபத்திரண்டு எட்டு நடந்தாள். அதற்குமேல் தூண் மறைத்தது. சொர்ணம் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நாங்கள் வண்டியில் ஏறும்வரை.

ஐந்து நாள் கழித்துப் போன் வந்தது. நான் எடைமேடை அறையில் இருந்தேன். வெளியே முழு வேகத்தில் காற்று.

“அப்பா, இறங்கினதுமே காலு கனத்துது. மூணு நாளா முட்டு வலி, படி ஏற முடியலை. முந்தாநாள் புது டாக்டர் எல்லாரையும் இங்க நிறுத்தாங்க. நூத்திப் பதினஞ்சரை பவுண்டு.”

“இரு மக்ளே.” சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு கிலோ முன்னூற்றுத் தொண்ணூறு. “பத்து கிராம் குறையுதே?”

“பவுண்டுல அவ்வளவுதான்பா வரும்” என்று அவள் சிரித்தாள், இந்தத் தடவை சிரிப்புதான். பிறகு, “அங்க காத்து எப்படி இருக்கு?” என்றாள்.

“வழக்கம்போலதான்.”

“இன்னைக்கு ஞாயிறுல்லா. மேடையில ஏறினீங்களா? எவ்வளவு இருக்கீங்க?”

கோயில் தராசிலிருந்து இறங்கிய நாள் முதல் வைகாசி முடியும்வரை நான் ஐம்பத்திரண்டு நானூறு. பெல்ட் ஓட்டை மாறவில்லை, கன்னம் வற்றவில்லை. அந்த ஒன்பது கிலோ மட்டும் உப்பு இருந்த பக்கமே தங்கிவிட்டது. போன வாரம் ஐம்பத்திரண்டு நூறு. இன்று காலை ஐம்பத்தொன்று எழுநூறு. சாகுல் அமீதின் படிக்கல் இரண்டையும் திருப்பிக் கொடுக்காமல் மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். அவற்றின் வளையத்துக்குள் இரண்டு பாதத்தையும் நுழைத்துக்கொண்டேன்.

“அறுபத்தொண்ணு நானூறு” என்றேன்.

முப்பத்தோரு வருடத்தில் நான் சொன்ன முதல் தப்பான எடை அது.